அக்காவின் டப்பா

எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் டப்பாக்காரர் வீட்டைக் காட்டுவார்கள். போய்ப் பார்த்தால் விற்பதற்கு ஒரு டப்பாகூட அங்கே இருக்காது. அந்தப் பெயரை வைத்தவன் நான்தான். அவர் என் அக்காவின் கணவர். நான் அவரை மாமா என்பேன், அவர் மகள் என்னை மாமா என்பாள். இந்தக் கதையில் மாமா என்று நான் சொல்கிற இடமெல்லாம் அவர்தான்.

மாமாவுக்கு லிஃப்ட் பராமரிக்கும் வேலை. ஒரு பெரிய மருத்துவமனையில் ஆறு லிஃப்டுகள் அவர் பொறுப்பு. ஒவ்வொரு மோட்டார் அறையிலும் ஓர் அட்டை தொங்கும். என்றைக்கு எண்ணெய் விட்டார், எந்தக் கம்பியை மாற்றினார் என்பதெல்லாம் குட்டிக் குட்டி எழுத்தில் இருக்கும். இருபத்தாறு வருடத்தில் அவருடைய லிஃப்டில் யாரும் பத்து நிமிடத்துக்கு மேல் மாட்டிக்கொண்டதில்லை. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பது போல இருப்பார். நான் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார், வீட்டில்கூட மைதானத்தில் பேசுவது போலத்தான் பேசுவேன். "உங்க ரெண்டு பேரையும் கலந்து ரெண்டா பிரிச்சா, ரெண்டு நல்ல மனுஷங்க கெடைப்பாங்க" என்பாள் அக்கா.

அக்கா தையல் கடை வைத்திருந்தாள். தோள் அளவு எடுத்து இடுப்புக்கு வருவதற்குள் வந்தவளின் மாமியார் கதை முழுவதும் அவளுக்குத் தெரிந்துவிடும். அப்படிப்பட்டவளின் தொண்டையில்தான் கட்டி வந்தது. குரல்வளையை எடுத்தாக வேண்டும், அதற்குப் பிறகு பேச முடியாது என்று டாக்டர் சொல்லி, பத்து நாள் தள்ளி ஒரு தேதி கொடுத்தார். நான் வராந்தாவில் நின்று டாக்டரோடு சண்டை போட்டேன். மாமா வீட்டுக்குப் போய், திரை உடைந்து மூலையில் கிடந்த மகளின் பழைய லேப்டாப்பை எடுத்துத் தூசி தட்டினார்.

அந்தப் பத்து நாளில் அவர் செய்தது இதுதான். போனில் திறக்கிற மாதிரி ஒரு பக்கம், அதில் வரிசையாகப் பொத்தான்கள். பொத்தானைத் தொட்டால் அக்காவின் குரல் பேசும். எதிரொலி வராமலிருக்க பீரோவைத் திறந்து வைத்து, தொங்கும் துணிகளைப் பார்த்தபடி அவளை உட்காரச் சொல்லி, முன்னூற்றுப் பன்னிரண்டு பேச்சுகளைப் பதிவு செய்தார். "வேண்டாம்." "கொஞ்சம் தள்ளி நில்லுங்க." "இந்தத் துணி சாயம் போகுமா?" "பாத்துப் போ." எனக்கென்று தனியாக ஒன்று: "கத்தாதடா, எனக்குக் காது நல்லாதான் கேக்குது." பத்தாவது நாள் காலையில் மருத்துவமனைக்குக் கிளம்பும்போதுகூடக் காரில் கடைசி இரண்டு பேச்சைப் பதிவு செய்தார்கள்.

வீட்டு லேப்டாப்பில் இருப்பது கடைத்தெருவில் நிற்கிற அக்காவின் போனுக்கு எப்படி வரும் என்று கேட்டேன். மாமா எனக்குச் சொன்னது இவ்வளவு: பக்கம் ஒரு கன்டெய்னருக்குள் ஓடும், அதாவது கம்ப்யூட்டருக்குள்ளேயே மூடி வைத்த ஒரு டப்பா. டப்பாவிடம் யாரும் நேராக வர முடியாது. முன்னால் ப்ராக்ஸி என்று ஒன்று இருக்கும். மருத்துவமனை வரவேற்பில் உட்கார்ந்திருக்கும் பெண் போல, யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று கேட்டு உள்ளே அனுப்பும். முகவரி தெரிந்தால் போதும், உலகத்தில் எங்கிருந்தும் வரலாம்.

"பாஸ்வேர்டு கிடையாதா மாமா?"

"பஸ்ஸுல கூட்டத்துல நின்னுக்கிட்டு அவ பாஸ்வேர்டு அடிப்பாளா? எறங்க வேண்டிய எடம் போயிடும்."

அக்கா இரண்டரை வருடம் அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு பேசினாள். கடையைத் திறந்தாள், பேரம் பேசினாள், என்னை அதட்டினாள். மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மா இதைப் பார்த்துவிட்டு, அறுவைக்குக் காத்திருக்கும் வேறு ஆட்களை மாமாவிடம் அனுப்பத் தொடங்கினார். ஒரு பஸ் கண்டக்டர், ஒரு கணக்கு டீச்சர், இப்படி ஒன்பது பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு டப்பா. எல்லோருக்கும் முன்னால் அதே ப்ராக்ஸி. அப்போதுதான் நான் டப்பாக்காரர் என்று பெயர் வைத்தேன். "ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானா வளரும்பாங்க. வளரட்டும்" என்று காகிதத்தில் எழுதிக் காட்டினாள் அக்கா.

அந்த ஒன்பது பேருக்கும் செய்யும்போதுதான் மாமா வேலையை முறையாகக் கற்றுக்கொண்டார். டப்பாவைப் புதுப்பிப்பது என்றால் பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை வைப்பது. உள்ளே சேர்ந்ததெல்லாம் பழையதோடு போய்விடும். போகக் கூடாததை டப்பாவுக்கு வெளியே ஒரு ஃபோல்டரில் சேரும்படி முதலிலேயே ஏற்பாடு செய்ய வேண்டும். ஒன்பது பேருக்கும் ஏற்பாடு செய்தார். அந்த ஃபோல்டர்களை வாரா வாரம் வேறொரு டிஸ்கிலும் நகல் எடுத்தார். அதற்கும் ஓர் அட்டை, அதே குட்டி எழுத்து.

நோய் நுரையீரலுக்குப் போய், அக்கா செத்துப்போனாள். நான் அழுதேன், எல்லோரையும் திட்டினேன், பிறகு தேறிவிட்டேன். மாமா வேலைக்குப் போய் வந்தார். மகள் வெளிநாட்டில் வேலையில் இருந்தாள், காரியம் முடிந்து திரும்பிப் போனாள். லேப்டாப் மட்டும் படுக்கையறை அலமாரியில், அக்காவின் தையல் பெட்டிக்குப் பக்கத்தில், ஒன்றரை வருடம் ஒரு நாள்கூட நிற்காமல் ஓடியது. சாயங்காலத்தில் மாமா அறைக்கதவைச் சாத்திக்கொள்வார். உட்கார்ந்து அவள் குரலைக் கேட்கிறார், கேட்கட்டும் என்று நானும் தொந்தரவு செய்ய மாட்டேன்.

இப்போது என் பங்குக்கு வருகிறேன். பெருமைக்காகப் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் ஒருமுறை அந்தப் பக்கத்தின் முகவரியைப் போட்டிருந்தேன், எங்கள் மாமா செய்தது பாருங்கள் என்று. அது எப்படியோ பிள்ளைகள் கைக்குப் போயிருக்கிறது. ஒருநாள் மைதானத்தில் எட்டாம் வகுப்பைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தேன். பின்வரிசையிலிருந்து அக்கா, "கத்தாதடா, எனக்குக் காது நல்லாதான் கேக்குது" என்றாள். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது.

அன்றைக்கே மாமா வீட்டுக்குப் போய்க் குதித்தேன்.

"பூட்டுப் போடுங்க மாமா! கண்ட கண்டவனெல்லாம் அக்காவ வெச்சு வெளையாடறான்."

"பசங்கதான. விடு மச்சான். நல்லா ஓடிக்கிட்டிருக்கு, அத நோண்ட வேணாம்."

"உங்களுக்கு மட்டும்தான் பொண்டாட்டி, எனக்கு அக்கா இல்லையா? நீங்க பூட்டலன்னா நானே வந்து ஒயரப் புடுங்கிப் போட்டுடுவேன், பாத்துக்கங்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். ப்ராக்ஸியில் ஒரே பூட்டைப் போட்டால் பத்து வீட்டுக்கும் ஒரே சாவி ஆகிவிடும், அது சரிப்படாது, ஆளுக்கொரு பூட்டு வேண்டுமென்றால் பத்து டப்பாவையும் புதிய பதிப்புக்கு மாற்ற வேண்டும், ஞாயிற்றுக்கிழமை செய்கிறேன் என்றார். இதெல்லாம் எனக்கு எதற்கு, பூட்டினால் சரி என்று வந்துவிட்டேன்.

ஞாயிறு காலை என் கண்ணெதிரே பத்து டப்பாவையும் இறக்கிவிட்டுப் புதியவற்றை ஏற்றினார். பழையவை இடத்தை அடைத்துக்கொண்டிருந்தன, அவற்றைத் துடைத்து எடுத்தார். ஒன்பது பேர் வீட்டுக்கும் போன் செய்து, புதிய பாஸ்வேர்டைச் சொல்லி, பொத்தானை அழுத்திப் பார்க்கச் சொன்னார். கண்டக்டரின் மனைவி, "நல்லா கேக்குதுங்க" என்றார். ஒன்பதும் பேசின. கடைசியாக அக்காவின் பக்கத்தைப் போனில் திறந்து என்னிடம் நீட்டினார், நீயே பார் என்று. முன்னூற்றுப் பன்னிரண்டு பொத்தான்களும் அப்படியே இருந்தன. ஒன்றை அழுத்தினேன், சத்தம் வரவில்லை. இன்னொன்றை அழுத்தினேன். மாமா போனைப் பிடுங்கி வரிசையாக அழுத்திக்கொண்டே போனார்.

அவளுடையதுதான் அவர் செய்த முதல் டப்பா. ஒன்றும் தெரியாமல், அறுவைத் தேதி கழுத்தைப் பிடிக்க, அவசர அவசரமாகக் கட்டியது. பொத்தான்களின் பெயர்ப் பட்டியலுக்கு மட்டும் வெளி ஃபோல்டர் வைத்திருக்கிறார். குரல் முழுவதும் உள்ளேயே சேர்ந்திருக்கிறது. வாரா வாரம் நகல் எடுக்கும்போது அவள் ஃபோல்டரில் ஏதோ இருப்பதைப் பார்த்து, இருக்கிறது என்று அட்டையில் டிக் போட்டிருக்கிறார். அவள் போன பிறகு மட்டும் எழுபத்தெட்டு வாரம் பட்டியலைத்தான் பத்திரப்படுத்தியிருக்கிறார்.

டிஸ்கிலிருந்து அழிந்ததை மீட்டுத் தருகிற கடைக்கு மறுநாளே ஓடினோம். இந்த மாதிரி டிஸ்கில் அழித்தது அழித்ததுதான் என்று அவர்கள் கையை விரித்துவிட்டார்கள். கல்யாண வீடியோவைத் தேடி எடுத்தோம். அக்கா அதில் நிறையப் பேசுகிறாள், எல்லாவற்றின் மேலும் வீடியோக்காரன் பாட்டைப் போட்டு மூடிவிட்டிருந்தான்.

எனக்கு யாரையாவது அடிக்க வேண்டும் போல இருந்தது. அந்தப் பின்வரிசைப் பிள்ளைகளைக் கண்டுபிடித்துத் தருகிறேன், யார் யார் வந்தார்கள் என்று ப்ராக்ஸி குறித்து வைத்திருக்கும் இல்லையா, அதைக் காட்டுங்கள் என்றேன். மாமா மறுபேச்சில்லாமல் காட்டினார். எந்தப் பொத்தானை, எப்போது, எங்கிருந்து என்று நீளமாக ஓடியது. பள்ளிக்கூடத்திலிருந்து நாலைந்து வரி. என் வீட்டிலிருந்து மாதத்துக்கு ஒன்றிரண்டு. மகள் இருக்கும் நாட்டிலிருந்து தினம் காலையில், அவள் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில், "பாத்துப் போ." அதன் பிறகு நாளுக்கு ஒன்றாக வேறு ஏதாவது.

"உங்க வரி எங்க மாமா?"

அவர் அதை மூடப் போனார்.

"சாயங்காலம் கதவ சாத்திக்கிட்டு கேப்பீங்களே?"

"லேப்டாப் சூடாயிருக்கான்னு பாப்பேன். தொடச்சு வெப்பேன்."

"ஒருநாள்கூட கேக்கலையா?"

"அவ பேசினா எனக்குப் பதில் சொல்லத் தோணும் மச்சான். சொன்னா அவளுக்குக் கேக்காது." பிறகு, "இருக்குல்ல, ஒருநாள் கேட்டுக்கலாம்னு வெச்சிருந்தேன்" என்றார்.

ஒன்றரை வருடமாக நான் நினைத்துக்கொண்டிருந்தது எதுவும் நடக்கவே இல்லை. நான் கத்தாமல் இருந்திருந்தால் அந்த ஒருநாள் இன்னும் அவருக்கு மிச்சம் இருந்திருக்கும். இதை நான் யாரிடமும் சொல்லி ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

மகள் ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள், பாஸ்வேர்டு போட்டும் சத்தம் வரவில்லையே, நெட் பிரச்சினையா என்று. பார்க்கிறேன் என்று மாமா மழுப்பிக்கொண்டிருந்தார். அடுத்த ஞாயிறு அவள் பேசும்போது நானும் பக்கத்தில் இருந்தேன்.

"போயிடுச்சும்மா" என்றார் மாமா. "எல்லாம் போயிடுச்சு. நான்தான் போக்கிட்டேன்."

நான்தான் செய்ய வைத்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் என் முழங்காலைப் பிடித்து அழுத்தி, வேண்டாம் என்று தலையாட்டினார். அந்தப் பக்கம் அவள் அழுவது கேட்டது. அவள் அழுது முடிக்கும் வரைக்கும் அவர் போனைக் காதிலேயே வைத்திருந்தார், பிறகு ஸ்பீக்கரில் போட்டு, மேசைமேல் வைத்தார்.

"நீங்க கடைசியா எப்பப்பா கேட்டீங்க?"

"உங்கம்மா இருந்தப்ப கேட்டதுதாம்மா."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அப்ப நான் சொல்றேன், கேளுங்க" என்றாள். "'பாத்துப் போ'க்கு முன்னாடி ஒரு மூச்சு எடுப்பாங்க. 'போ'வக் கொஞ்சம் இழுப்பாங்க. 'வேண்டாம்'ல சிரிப்பு வரும்ப்பா, அடக்கிக்கிட்டு சொல்வாங்க. நீங்க என்னமோ பண்ணியிருக்கீங்க."

"சட்டைய திருப்பிப் போட்டிருந்தேன். தையக்காரி புருஷன் இப்படியான்னு சிரிச்சா."

"'சாயம் போகுமா'ல பின்னாடி ஏதோ கிரீச்சுனு கேக்கும்."

"பீரோ கதவு."

இப்படி ஏழெட்டு போயிருக்கும். மாமாவின் முகம் முழுவதும் நனைந்திருந்தது. அவர் துடைக்கவே இல்லை. பிறகு மேசையைத் தடவிக்கொண்டே, "போதும்மா. மீதிய அடுத்த வாரம் சொல்லு. எங்க போயிடப்போகுது" என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ! "அடுத்த வாரமும் கெடையாது, அதுக்கடுத்த வாரமும் கெடையாது" என்று கத்தினேன். "நீ சொல்லும்மா. ஒண்ணு விடாம, எல்லாத்தையும் இப்பவே சொல்லு."

அவள் சொன்னாள். முன்னூற்றுப் பன்னிரண்டில் அவளுக்கு அறுபத்தேழுதான் நினைவிருந்தது.