மினுங்கும் பக்கம் வெளியே

பல்கலைக்கழக வானியல் கழகத்தில் இரண்டு வருடம் செயலாளராக இருந்தேன். அந்த இரண்டு வருடத்தில் கழகம் தொலைநோக்கியை வெளியே எடுத்தது நான்கு தடவை. அதில் மூன்று தடவை முகில். நான்காவது தடவை சந்திரனைப் பார்த்தோம். சந்திரனைப் பார்க்கத் தொலைநோக்கி தேவையில்லை.

காரணங்கள் இருந்தன. தொலைநோக்கியைப் பூட்டி வைத்த அலுமாரியின் திறப்பு ஆய்வுகூட உத்தியோகத்தரிடம் இருந்தது. அவர் நாலு மணிக்கு வீட்டுக்குப் போய்விடுவார். நாலு மணிக்கு வானத்தில் சூரியன் மட்டும்தான் இருக்கும். பெண்பிள்ளைகள் இருட்ட முதல் விடுதிக்குள் நிற்கவேண்டும். ஆக, எங்கள் கழகம் பகலில் இயங்கியது. கூட்டம் வைத்தோம், கூட்டத்தைப் படம் எடுத்தோம், படத்தை முகநூலில் போட்டோம்.

இதைச் சொல்லி நான் ஒரு கூட்டத்தில் கத்தியபோதுதான் கூடாரம் என்ற யோசனை வந்தது. யோசனை என்னுடையது. அதனால் பின்னால் நடந்ததும் என்னுடையது.

யோசனை இதுதான். கறுப்பு றெக்சினில் ஒரு வட்டக் கூடாரம் தைப்பது. அதில் நட்சத்திர வரைபடத்தின்படி துளை போடுவது. பாடசாலை மைதானத்தில் வெயிலில் நிறுத்திவிட்டுப் பிள்ளைகளை உள்ளே விட்டால், துளைகளால் வெளிச்சம் வரும், உள்ளே வானம் தெரியும். பகலில் செய்யலாம். திறப்பு தேவையில்லை.

கொக்குவிலில் ஓட்டோவுக்குக் கூரை தைக்கிற கடை ஒன்று இருந்தது. அங்கே றெக்சினை வெட்டுவித்தோம், தோடம்பழச் சுளை மாதிரிப் பன்னிரண்டு துண்டு. கடைக்காரர் முழுவதையும் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, ஓட்டை விழுந்தால் தைக்கத்தான் ஆக்கள் என்னட்டை வாறவை. நீங்கள் ஓட்டை போடவோ தைக்கிறியள்?"

"ஓம் அண்ணை."

"சரி. எந்தப் பக்கம் வெளியாலை வரவேணும்?"

றெக்சினுக்கு ஒரு பக்கம் மினுங்கும். மறு பக்கம் துணி. "மினுங்கிற பக்கம் வெளியாலை, மழை பெய்தால் தண்ணி வழியும்" என்றேன். அவர் துண்டுகளில் சுண்ணக்கட்டியால் அடையாளம் போட்டுத் தந்தார். துளை போட்ட பிறகு கொண்டு வாங்கோ, மூட்டித் தாறன் என்றார்.

விரிவுரை மண்டபத்து நிலத்தில் துண்டுகளை விரித்தோம். வரைபடத்தைப் பெரிதாக அச்சடித்து, துண்டுகளின் மேல் செலோட்டேப்பால் ஒட்டினோம். செலோட்டேப் துணிப் பக்கத்தில் ஒட்டவில்லை. மினுங்கும் பக்கத்தில் ஒட்டியது. அதனால் மினுங்கும் பக்கத்தில் ஒட்டினோம். பெரிய நட்சத்திரத்துக்கு ஆணி, சின்னதுக்குச் சாக்கு ஊசி. நான்கு நாள் குந்தியிருந்து குத்தினோம். எட்டுப் பேர் குத்தினோம், எட்டுப் பேரும் விஞ்ஞானம் படிப்பவர்கள். மேலே இருந்து குத்துகிறோம், கீழே இருந்து பார்க்கப்போகிறார்கள் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஒரு கடுதாசியில் எழுதி, ஊசியால் எழுத்தின் மேல் குத்தி, பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். எழுத்து இடம் வலம் மாறி இருக்கும். இது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியவில்லை.

கூடாரம் நன்றாகத்தான் இருந்தது. உள்ளே போய் முதல் தடவை மேலே பார்த்தபோது எட்டுப் பேரும் கழுத்து நோகும் வரை நிமிர்ந்து நின்றோம். பிறகு வேர்க்கத் தொடங்கியது. ஒரு மூட்டு வழியே தையல் துளைகளால் கோடாக வெளிச்சம் வந்தது. எங்கள் தலைவர் அதைப் பால்வீதி என்று சொல்லிச் சமாளித்தார். அவர் இறுதி வருடம், எதையும் சமாளிப்பார். இப்போது எங்கோ நல்ல வேலையில் இருக்கிறாராம்.

ஆடி மாதம் தொடங்கி, மேலதிக வகுப்பு நடக்கிற சனிக்கிழமைகளில் பதினொரு பாடசாலைக்குக் கொண்டு போனோம். வரைபடம் தைமாத இரவு எட்டு மணி வானம். எங்களிடம் அது ஒன்றுதான் இருந்தது.

பண்டத்தரிப்புப் பக்கம் ஒரு பாடசாலையில்தான் அந்தப் பிள்ளையைக் கண்டேன். பத்தாம் வகுப்பு. எல்லாரும் வேர்த்து வெளியே ஓட, அவள் மட்டும் உள்ளே நின்றாள். அடுத்த குழு வந்தது, அப்போதும் நின்றாள். மூன்றாவது குழுவோடு நான் பிடித்து வெளியே விட்டேன்.

"இன்னும் ஒருக்கால் பார்க்கட்டோ அக்கா?"

"மூண்டு தரம் பார்த்திட்டீர்."

"மூண்டு தரம் பார்த்தால் மூண்டிலை ஒரு பங்குதான் பாடமாகும்."

அவள் சனிக்கிழமைகளில் பஸ் எடுத்துக் கழகத்துக்கு வரத் தொடங்கினாள். அந்தக் கிழமை கூடாரம் எங்கே போகிறதோ அங்கே வந்தாள். வேட்டைக்காரன் உடுத்தொகுதி, திருவாதிரை, ரோகிணி, கார்த்திகைக் கூட்டம் எல்லாம் பெயர் சொல்லி, எதற்கும் எதற்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று விரலால் அளந்து கொப்பியில் வரைந்தாள். எங்கள் கழகத்தில் அப்படி ஒருவரும் வரையவில்லை. நானும் வரையவில்லை. மார்கழியில் மாகாண மட்ட வானியல் போட்டி வருகிறது என்று சொன்னதும் நான்தான். அதில் வென்றால் கொழும்பில் ஒரு மாதப் பயிற்சி முகாம். அவளுடைய வயதுக்கு அதுதான் கடைசி வருடம். அவளுக்கு அந்த முகாம் வேண்டும். வேறு ஒன்றையும் அவள் கதைக்கவில்லை.

போட்டி முடிந்து இரண்டாம் நாள் அவளுடைய விஞ்ஞான ரீச்சர் எனக்குப் போன் எடுத்தார். வணக்கம் சொல்லவில்லை.

"உங்கடை கூடாரத்தை ஒரு கண்ணாடிக்கு முன்னாலை வைச்சுப் பாரும் பிள்ளை. அப்பதான் சரியாத் தெரியும்."

"விளங்கேல்லை மிஸ்."

"வானத்தை வரையச் சொன்னவை. இவள் முழுக்க வரைஞ்சிருக்கிறாள். ஒரு நட்சத்திரம் விடேல்லை. முழுக்க இடம் வலம் மாறி. அந்தப் பகுதிக்குப் பூச்சியம் போட்டிருக்கினம். அதிலை பூச்சியம் எண்டால் மிச்சத்தைப் பார்க்கமாட்டினமாம்."

அன்று பொழுதுபட்ட பிறகு விடுதி மொட்டைமாடிக்கு வரைபடத்தோடு ஏறினேன். மாரி முகில் விலகியிருந்தது. கிழக்கே வேட்டைக்காரன் கிடந்தான். வரைபடமும் வானமும் ஒன்று. கூடாரத்தில் நான் ஐந்து மாதமாகக் காட்டியது வேறு. கார்த்திகை, ரோகிணி, மிருகசீரிடம், திருவாதிரை. எங்கள் வீட்டுப் பஞ்சாங்கத்தில் இருக்கிற வரிசை. வானத்தில் அந்த வரிசையில்தான் உதிக்கின்றன. எங்கள் கூடாரத்தின்படி திருவாதிரை முதலில் உதித்துக் கார்த்திகை கடைசியில் உதிக்கவேண்டும். கோயில் ஐயர் யாராவது உள்ளே வந்திருந்தால் முதல் நாளே பிடித்திருப்பார். நாங்கள் விஞ்ஞானிகளை மட்டும் கூப்பிட்டோம்.

அடுத்த நாள் தலைவரிடம் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"உள்பக்கத்தை வெளியாலை திருப்பினால் சரிதானே?"

சரிதான். திருப்பினோம். இருபது நிமிடம் எடுத்தது. துணிப் பக்கம் வெளியே, மினுங்கும் பக்கம் உள்ளே. வானம் சரியாகிவிட்டது. இருபது நிமிட வேலை என்பதுதான் எனக்கு விசரைக் கிளப்பியது.

"முடிஞ்சுது. பிரச்சினை இல்லை" என்றார் தலைவர்.

"அந்தப் பிள்ளை?"

"பாவம்தான்."

"போட்டிக் குழுவுக்குக் கடிதம் எழுதுவம். பிழை எங்கடை எண்டு. கழகத்தின்ரை முத்திரை குத்தித் தாரும்."

"உமக்கென்ன விசரே? மாசியிலை கண்காட்சி வருது. பதினொரு பள்ளிக்கூடத்துக்குப் பிழையாப் படிப்பிச்சனாங்கள் எண்டு முத்திரை குத்தித் தரச் சொல்லுறீர்."

"படிப்பிச்சனாங்கள்தானே?"

"ஒருத்தருக்கும் ஞாபகம் இருக்காது. நீர் போய் ஞாபகப்படுத்தாதையும்."

முத்திரையை அவர் தன் காற்சட்டைப் பொக்கற்றில் போட்டுக்கொண்டு போனார். நான் முத்திரை இல்லாமல் எழுதினேன். துளை எந்தப் பக்கமிருந்து குத்தப்பட்டது, ஏன் குத்தப்பட்டது, செலோட்டேப் உட்பட. அந்தப் பிள்ளையின் வரைபடத்தைத் திருப்பிப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள், ஒரு பிழையும் இருக்காது என்று எழுதினேன். கையெழுத்து வைத்தேன், செயலாளர் என்று போட்டேன். எழுதிய கடிதத்தை அனுப்ப முதல் அவளுக்குக் காட்ட வேண்டும் என்று தோன்றியது.

பஸ்ஸால் இறங்கி, தோட்டங்களுக்கு நடுவே நடந்து வீட்டைக் கண்டுபிடித்தேன். தாய் வெங்காயம் நட்டுக்கொண்டிருந்தார். "வாரும் பிள்ளை, இரும், உள்ளுக்கைதான் நிக்கிறாள், இரண்டு நாளாக் கதைக்கிறாள் இல்லை" என்று சொல்லிவிட்டு, கை கழுவத் தொட்டிக்குப் போனார்.

அவள் கடிதத்தை நின்றபடி வாசித்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"அக்கா, நான் அவையோடை சண்டை பிடிச்சனான்."

"ஆரோடை?"

"போட்டிக்கு வந்த சேர்மாரோடை. இது பிழை எண்டு சொல்லிச்சினம். நான் இல்லை சேர், உங்களுக்குத்தான் பிழை, கம்பஸிலை படிக்கிற அக்காமார் காட்டினவை எண்டு சொன்னன். மூண்டு தரம் சொன்னன். ஒரு சேர் சிரிச்சவர்."

நான் கடிதத்தை வாங்கி மடித்தேன்.

"கார்த்திகை மாசம் ஒரு நாள் மழை விட்டது. கிணத்தடியிலை நிண்டு பார்த்தனான். வேட்டைக்காரன்ரை சிவப்பு நட்சத்திரம், திருவாதிரை, மற்றத் தோளிலை நிண்டது."

"அப்ப ஏன் என்னட்டைச் சொல்லேல்லை?"

"நான்தான் மாறிப் பாடமாக்கிப்போட்டன் எண்டு நினைச்சன். அடுத்த சனிக்கிழமை கூடாரத்துக்கை வந்து பார்த்தன். கொப்பியும் கூடாரமும் சரியா இருந்தது. அப்ப வானத்தைத்தான் நான் வடிவாப் பார்க்கேல்லை எண்டு விட்டிட்டன்."

தாய் தேத்தண்ணி கொண்டு வந்தார். குடித்தேன். அந்த வீட்டில் அன்று எனக்கு ஒருவரும் ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

கடிதத்தை அனுப்பினேன். மூன்று கிழமைக்குப் பிறகு பதில் வந்தது. கவலை தெரிவித்திருந்தார்கள். முடிவுகள் இறுதியானவை. முகாமுக்குத் தெரிவானவர்களின் பெயர்கள் அனுப்பப்பட்டுவிட்டன. எதிர்காலத்தில் கழகம் கூடிய கவனம் எடுக்கும் என நம்புகிறார்கள். மொத்தம் ஐந்து வரி. அதையும் கொண்டு போய்க் கொடுத்தேன். தபாலில் அனுப்பியிருக்கலாம், அனுப்ப மனம் வரவில்லை.

அவள் வாசித்து மடித்துத் தன் கொப்பிக்குள் வைத்தாள்.

"பதினொரு பள்ளிக்கூடமும் எது எது எண்டு உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும்."

"எல்லாத்துக்கும் திருப்பிப் போகவேணும். நானும் வாறன். கதைக்கிறது நான். நீங்கள் கதைக்கக்கூடாது."

"சரி."

தலைவர் கண்காட்சி முடியும் வரை கூடாரத்தைத் தர மறுத்தார். கண்காட்சியில் துணிப் பக்கம் ஊத்தையாகத் தெரிகிறது என்று சொல்லி மூலையில் வைத்தார்கள். அதற்குப் பிறகு ஒருவரும் கேட்காமலே நான் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். இரண்டு முதலாம் வருடப் பிள்ளைகள் கூடாரத்தைத் தாங்கும் குழாய்களைப் பிடிக்க வந்தார்கள்.

தலைவர் சொன்னது உண்மை. அதுதான் கேவலம். முதல் நான்கு பாடசாலையிலும் ஒருவருக்கும் ஒரு நட்சத்திரமும் நினைவில்லை. ஒரு பாடசாலை அதிபருக்கு நாங்கள் டெங்கு ஒழிப்புக்கு வந்ததாக நினைவு. ஒரு பள்ளிக்கூடத்தில் உள்ளே சத்தி எடுத்து நாறடித்த பெடியனை எல்லாருக்கும் நினைவிருந்தது. பதினொரு பாடசாலையிலும் நாங்கள் சொன்னதைச் சொன்னபடி படித்தவள் ஒருத்திதான். மற்றவர்களை அவர்களின் மறதி காப்பாற்றிவிட்டது.

ஐந்தாவது கீரிமலைப் பக்கம் ஒரு சின்னப் பாடசாலை. கடற்காற்றுக்குக் கூடாரம் படகுப் பாய் மாதிரி உப்பியது. நான்கு மூலையிலும் பிள்ளைகளைப் பிடிக்கச் சொன்னோம். வட்டக் கூடாரத்துக்கு மூலை எது என்று ஒரு சின்னன் கேட்டது.

அவள் வெள்ளைச் சீருடையோடு பிள்ளைகளுக்கு முன்னால் நின்றாள்.

"போன வருசம் உங்களுக்கு இதுக்குள்ளை வானம் காட்டினவை. அது பிழை. இடம் வலம் மாறிக் காட்டினவை."

"ஆர் காட்டினது?" என்று பின்னால் ஒரு குரல்.

"உவதான்" என்று என்னைக் காட்டினாள். அறுபது பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்தில் நின்ற அதிபரும் பார்த்தார். நான் கதைக்கக்கூடாது என்பதால் கதைக்கவில்லை.

"இப்ப திருப்பித் தைச்சிருக்கோ?" என்று அதே குரல்.

"திருப்பிப் போட்டிருக்கு. ஆனால் நான் சொல்லுறன் எண்டு நம்பாதையுங்கோ. இண்டைக்குப் பின்னேரம் ஏழரைக்குக் கடல் உங்கடை முதுகுப் பக்கம் வாற மாதிரி வீட்டு முத்தத்திலை நிண்டு நிமிர்ந்து பாருங்கோ. வேட்டைக்காரன்ரை சிவப்பு நட்சத்திரம் உங்கடை இடக்கைப் பக்கம் நிக்கவேணும். நிக்காட்டில் அம்மாவின்ரை போனாலை அக்காவுக்கு எடுங்கோ. நம்பரை எழுதுங்கோ."

என்னிடம் கேட்காமலே என் நம்பரைக் கரும்பலகையில் எழுதினாள்.

ஏழரை தொடக்கம் போன் அடித்தது. முதலாவது ஒரு பெண்பிள்ளை.

"அக்கா, இடக்கைப் பக்கம்தான் நிக்குது."

"ஓம்."

"அப்ப சரியோ?"

"சரி."

"சரி, வைக்கிறன்."

இன்னொருவன் இடக்கை எது என்று தாயைக் கேட்டுச் சொன்னான். ஒரு தகப்பன் எடுத்து, இந்த நேரத்தில் பிள்ளை உங்களுக்கு ஏன் எடுக்கிறான் என்று விசாரித்தார். விளக்கினேன். அவரே முற்றத்தில் இறங்கிப் பார்த்துவிட்டு, ஓம், இடப்பக்கம்தான் என்றார். மொத்தம் ஆறு அழைப்பு. ஒன்பது மணிக்கு அவள் எடுத்தாள்.

"எத்தினை பேர் எடுத்தவை அக்கா?"

"ஆறு."

"உள்ளுக்கை வந்தது அறுபது பேர்."

"ஓம்."

கொழும்பு முகாம் அன்றுதான் தொடங்கியிருந்தது. அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"மிச்சம் ஆறு பள்ளிக்கூடம் இருக்கு" என்றாள். "வாற சனிக்கிழமை எத்தினை மணிக்கு?"

"எட்டரைக்கு."

"எட்டுக்கு வாங்கோ. பத்து மணிக்குப் பிறகு உள்ளுக்கை அவியுது."