தாத்தா கையில் இருந்த கயிறு

எழுதத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்க, பத்தாம் வகுப்போடு நின்ற நான் எழுத உட்கார்ந்ததைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் முன்னால் பேசவே எனக்குக் கூச்சம். ஆனால் திருப்பதியில் பல வருஷம் பேசுவதுதான் எனக்கு வேலையாக இருந்தது.

பிரபாகர் சார் வெளிநாட்டில் கம்ப்யூட்டர் வேலை பார்த்து, முதுகுவலியோடு திரும்பி வந்து ஆரம்பித்த வைத்திய சென்டர் அது. உள்ளே ஏசி, புல்லாங்குழல் இசை, சுவரில் மூங்கில் தட்டி அலங்காரம். வெளியே போர்டில் ‘நான்கு தலைமுறைக் கைராசி’. சார் தைலம் தடவி, “மூச்ச இழுத்து விடுங்க, எல்லாம் ஸ்ட்ரெஸ்” என்பார். எலும்பு முறிந்து வந்தால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார். அந்த வகையில் நல்ல மனிதர்.

ரிசப்ஷனில் அவருடைய தாத்தாவின் படம். முண்டாசு, வெற்று மார்பு, கையில் ஒரு கயிறு. வருகிறவர்களைப் படத்தின் முன் நிறுத்திப் பரம்பரைக் கதை சொல்வது என் பொறுப்பு. கயிறு என்ன என்று கேட்டால், மலையிலிருந்து கொண்டுவந்த மூலிகைக் கொடி என்று சொல்ல வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு சொல்வேன். அதைப் பக்தி என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஒருநாள் ஸ்ரீ சிட்டியில் இருக்கும் ஒரு தொழிற்சாலையிலிருந்து ஹெச்.ஆர். மேடம் வந்தார். நின்றே வேலை செய்து இடுப்பு போன ஆட்களை எங்களிடம் அனுப்பலாமா என்று பார்க்கத்தான். இந்த கான்ட்ராக்ட் கிடைக்காவிட்டால் சென்டரை மூட வேண்டியதுதான் என்று சார் காலையிலேயே சொல்லியிருந்தார்.

நான் கதையில் மூலிகைக் கொடி வரை வந்திருந்தேன். வாசலில் ஒரு குட்டியானை லோடு வண்டி வந்து நின்றது. அதில் முன்னங்கால் தொங்க ஒரு கிடேரி படுத்திருந்தது. இறங்கி வந்தவர் பிச்சாட்டூர் பக்கத்து விவசாயி முனிரத்தினம். படத்தைப் பார்த்ததும் கும்பிட்டார்.

“நம்ம பெரியவருதான். ஏம்மா, கயித்த புடிச்சிக்கினு நிக்கிறாரே, மாட்ட எங்க காணோம்?”

நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் கயிற்றைப் பார்த்தார்.

“எங்க பக்கம் மாட்டுக்கெல்லாம் இவருதான் கட்டு கட்டுவாரு. பேரன் கடை போட்டுக்கிறதா டிவில காட்னாங்க. இட்டுக்கினு வந்துட்டேன்.”

சார் அவசரமாக வெளியே வந்தார். “பெரியவரே, இது மனுஷங்களுக்கு. மாட்டாஸ்பத்திரிக்குப் போங்க.”

“அங்க போய்ட்டுதான் வரேன். டாக்டரு லீவாம். கால் நிக்கலன்னா கறிக்காரனுக்குத்தான் குடுக்கணும். மொதக் கன்னு வயித்துல இருக்குது நைனா.”

“நாலு தலைமுறைன்னா...” என்று மேடம் ஆரம்பித்தார்.

கிடேரி ஒருமுறை கத்தியது. சார் வெள்ளைக் கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார். “லலிதாம்மா, எதிர்க்கடையில முட்டை வாங்கிட்டு வாங்க.”

நான் திரும்பி வந்தபோது கார் பார்க்கிங்கில் கிடேரியை இறக்கிக் கிடத்தியிருந்தார்கள். முனிரத்தினம் தலையைப் பிடித்துக்கொள்ள, சார் காலை நீவி, இழுத்து, பொருத்தினார். சுவரிலிருந்த மூங்கில் தட்டியைப் பிய்த்து, கால் அசையாதபடி பத்தை வைத்தார். புது பெட்ஷீட்டைக் கிழித்து, முட்டை வெள்ளைக்கருவில் நனைத்துச் சுற்றினார். அவர் தயங்காமல் வேலை செய்து நான் பார்த்தது அன்றுதான். ஸ்ட்ரெஸ் பற்றி மாட்டிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“எங்க கத்துக்கினே நைனா?”

“ஸ்கூல் லீவுல தாத்தாகிட்ட போனா மாட்டு வால் புடிக்கிற வேலை எனக்குத்தான்” என்றார் சார், யாரையும் பார்க்காமல்.

கிடேரி எழுந்து மூன்று காலில் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து நாலாவதையும் தரையில் தொட்டுப் பார்த்தது. முனிரத்தினம் முண்டாசை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மேடம் கேட்டார்: “பிரபாகர்காரு, எங்க ஒர்க்கர்ஸுக்கும் இப்படித்தான் செய்வீங்களா?”

“சேச்சே, அவங்களுக்கு மியூசிக் உண்டு மேடம்.”

மேடம் சிரித்தார். கான்ட்ராக்டிலும் கையெழுத்துப் போட்டார்.

புதிதாக ரிசப்ஷன் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். முதலாளியின் பரம்பரைக் கதையை மனப்பாடம் செய்வதற்கு முன், படத்தில் எதை வெட்டினார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை சார் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். பெயின்டர் போர்டில் ‘மனிதர்களுக்கு மட்டும்’ என்று ஒரு வரி சேர்த்தார். படம் ஸ்டுடியோவுக்குப் போய்ச் சாயங்காலம் திரும்பி வந்தது. தாத்தா கையில் கமண்டலம் இருந்தது.