உச்சிக்குத் திரும்பிய கால்

அந்தக் கட்டடம் எழும்பும் இடத்தில் கிரேன் ஓட்டுகிறவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. உச்சி என்றால்தான் திரும்பிப் பார்ப்பார். மற்றவர்கள் வேலைக்குப் போவார்கள், இவர் வேலைக்கு ஏறுவார். நெட்டுக்குத்தலாக நிற்கும் கிரேனின் நடுவே ஓர் இரும்பு ஏணி போகும். இடையிடையே மூச்சு வாங்கிக்கொள்ள இரும்புத் தட்டுகள், ஒவ்வொரு தட்டிலும் ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு சதுர ஓட்டை. அத்தனையையும் தாண்டிக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்துவிட்டால் அப்புறம் மாலை வரை அவர் ராஜா. ஒரு லாரி கம்பியைத் தூக்கிக் கொண்டுபோய், தூங்குகிற குழந்தையைப் படுக்கவைப்பதுபோலச் சத்தமில்லாமல் இறக்குவார். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருக்கக் கூடாதா என்ன?

தரையில் நின்று அவருக்குக் கண்ணாக இருந்தவர் விசில். எதை எங்கே நகர்த்த வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று வாக்கிடாக்கியில் சொல்லும் வேலை. வாக்கிடாக்கி வருவதற்கு முன்னால் விசில் ஊதியே காலம் தள்ளியவர் என்பதால் அந்தப் பெயர். இருவருக்கும் ஒரே வயது, ஒரே வாய்த்துடுக்கு. ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த வாக்கிடாக்கி பொதுவழி. ஒருவர் பேசினால் லாரிக்காரர், வெல்டர், இன்ஜினியர் என்று எல்லோர் காதிலும் விழும்.

இந்த ராஜா ஒரு காலத்தில் ஓட்டையில் மாட்டிக்கொண்டவர். அப்போது அவர் உடம்பு அப்படி. ஒருநாள் காலை மூன்றாவது தட்டில் தலையும் தோளும் மேலே போய்விட்டன, வயிறு வரமாட்டேன் என்றது. விசில் கீழிருந்து ஏறித் தோளைக் கொடுத்து முட்டித் தள்ளினார். மொத்தக் கூட்டமும் வேலையைப் போட்டுவிட்டு அண்ணாந்து வேடிக்கை பார்த்தது. இறங்கி வந்ததும் இன்ஜினியர், "பெரிய ஓட்டையா வெச்ச கிரேன் எங்கயும் கிடைக்காது. யோசிச்சுக்கோங்க" என்றார். உச்சி யோசித்தார், ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தார். இரைப்பையைச் சின்னதாக்கி, சாப்பாடு குடலின் ஒரு பகுதியைத் தொடாமல் தாண்டிப் போகும்படி வழியை மாற்றித் தைத்துவிட்டார்கள். உடம்பு கரைந்தது. அடுத்த வருஷம் அதே ஓட்டையில் பாட்டுப் பாடிக்கொண்டே நுழைந்தார்.

எடையோடு சேர்ந்து முடியும் மூட்டை கட்டியது. இது தற்காலிகம்தான், பொறுங்கள் என்று டாக்டர்கள் சொன்னார்கள். உச்சிக்குப் பொறுமை என்பது கொக்கியில் சாமான் தொங்கும்போது மட்டும்தான் வரும். அவருடைய மனைவியின் அண்ணன் முடிதிருத்துகிறவர், தானே பளபளவென்று வழுக்கை. கண்ணாடியில் இவர் தலையைப் பார்த்துவிட்டு, "வாங்க மாப்ள, நம்ம கட்சியில சேர வந்துட்டீங்களா?" என்று சிரித்தார். அது சுருக்கென்று தைத்தது. அன்றே மருந்துக்கடையில் முடி வளர்கிற மாத்திரை ஒரு டப்பா வாங்கினார். ஜிங்க் மாத்திரை. தினம் ஒன்று என்று டப்பாவில் போட்டிருந்தது. ஒன்றுக்கே வளரும் என்றால் மூன்றுக்குக் காடாக வளரும் என்பது அவர் கணக்கு. வீட்டில் வைத்தால் மானம் போகும். தீரத் தீரப் புது டப்பா வாங்கி, கிரேன் கூண்டில், இருக்கைக்குப் பின்னால் சொருகிவைத்தார். உலகத்தில் வேறு யாரும் ஏறி வராத இடம். ஏறியதும் முதல் வேலை மூன்றை வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பது. வருஷக்கணக்கில் அது பல் விளக்குவதுபோலப் பழகிப்போயிற்று. அதை மருந்தென்றே அவர் நினைக்கவில்லை.

கால் மெல்ல ஆரம்பித்தது. முதலில் கெண்டைக்கால். கொக்கியில் பலகைக்கட்டு ஆடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று சதை முறுக்கிக்கொண்டு கல்லாகிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு பலகையை இறக்கிவிட்டுத்தான் காலைத் தேய்ப்பார். பிறகு பாதத்தில் எறும்பு ஊர்கிறமாதிரி இருந்தது. பிறகு எறும்பும் போய்விட்டது. அதுதான் மோசம்.

அவர் மனைவி செருப்புக்கடையில் வேலை பார்ப்பவர். நாள் முழுக்க ஊரார் பாதங்களைப் பார்த்துப் பார்த்து, முகத்தைவிடப் பாதத்தை நன்றாகப் படிக்கக் கற்றிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் கடைத்தெருவில் நடந்துகொண்டிருந்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் அந்த அம்மாள் நின்றுவிட்டார்.

"என்னங்க, உங்க வலது கால் செருப்பு எங்க?"

உச்சி குனிந்து பார்த்தார். வெறுங்கால். செருப்பு பின்னால் மிட்டாய்க் கடை வாசலில் அநாதையாகக் கிடந்தது. கழன்று விழுந்ததும் தெரியவில்லை, சுடுகிற தெருவில் வெறுங்காலோடு நடந்ததும் தெரியவில்லை.

"ஏதோ ஞாபகத்துல..." என்று இழுத்தார்.

"எனக்குக் காது குத்தாதீங்க. கால் சுடறது ஞாபகத்துலயா தெரியும்?"

அதன் பிறகு டாக்டர்களின் வாசல் தேய ஆரம்பித்தது. ஆபரேஷன் செய்துகொண்டவர் என்றதும் முதல் டாக்டர் பி-12 வைட்டமின் பார்த்தார். அதற்கு ஒழுங்காக ஊசி போட்டுக்கொண்டிருந்ததால் அது சரியாகவே இருந்தது. இரண்டாமவர் முதுகெலும்பைப் படம் பிடித்தார், குறை ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. மூன்றாமவர் வயசு என்றார். நான்காமவர் மனசு என்றார். மனசுக்கும் கெண்டைக்காலுக்கும் என்ன ஒட்டு என்று எனக்கும் விளங்கவில்லை, உச்சிக்கும் விளங்கவில்லை.

ஒரு காலையில் ஏணியில் வைத்த கால் படியில் இருக்கிறதா இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை. இருக்கிறது என்று நம்பி எடையைப் போட்டார். இல்லை. ஏணியில் மாட்டியிருந்த இடுப்புப் பட்டை பிடித்துக்கொண்டது. ஏணியோடு ஒட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் தொங்கினார். யாரும் பார்க்கவில்லை. பேசாமல் மேலே ஏறியிருக்கலாம். ஏறாமல் இறங்கினார். நேராக விசிலிடம் போனார்.

"இனிமே நான் ஏறலடா."

"கிண்டல் பண்றியா?"

"கால் எங்க இருக்குன்னே தெரியல. என் கொக்கிக்குக் கீழ நீ நிக்கிறே. வேண்டாம்."

உச்சியைச் சாமான் அறையில் போட்டார்கள். வருகிறவர்களுக்கு ஹெல்மெட்டும் கையுறையும் எடுத்துக் கொடுக்கிற வேலை. ஜன்னல் வழியே கிரேன் திரும்புவது தெரியும். அதைப் பார்க்காமல் இருக்க நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். காலில் உணர்ச்சி திரும்பாமலே போனால் இந்த நாற்காலிதான் கடைசிவரை என்று அவருக்குத் தெரியும்.

மனைவி விடவில்லை. கடைக்கு வந்த யாரையோ விசாரித்து ஐந்தாவதாக ஒரு நரம்பு டாக்டரம்மாவைப் பிடித்தார். அவர் உச்சியின் பாதத்தைத் தட்டினார், குத்தினார், கண்ணை மூடி நிற்கச் சொன்னார். உச்சி தள்ளாடி மனைவி மேல் சாய்ந்தார். "அடுத்த தடவை நீங்க முழுங்கறது எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க. எல்லாத்தையும்" என்றார் டாக்டரம்மா. வீட்டில் இருந்த மாத்திரை, ஊசி, சத்துப்பொடி எல்லாம் ஒரு பையில் ஏறின. கூண்டில் இருந்தது ஏறவில்லை. முடிக்குச் சாப்பிட்டதைக் காலுக்குப் பார்க்கிற டாக்டரிடம் எதற்குக் காட்ட வேண்டும்?

இந்த நிலையில்தான் விதி வாக்கிடாக்கி வழியாக வந்தது. உச்சிக்குப் பதிலாகக் கிரேன் ஓட்ட ஓர் இளம்பெண் வந்திருந்தாள். கெட்டிக்காரி, ஆனால் பொதுவழியில் எதைப் பேசலாம் என்று இன்னும் பிடிபடவில்லை. நாற்காலியைச் சரிசெய்தபோது அவள் கையில் ஏதோ தட்டுப்பட்டது.

"விசில் அண்ணா, இங்க ஒரு டப்பா இருக்கு. முடி உதிர்வுக்கு நிரந்தரத் தீர்வுன்னு போட்டிருக்கு. யாரோடது?"

கான்கிரீட் கலக்குகிற சத்தம் தவிர மற்ற எல்லாச் சத்தமும் நின்றது. அப்புறம் ஒரு சிரிப்பு, அப்புறம் பத்துச் சிரிப்பு. சாமான் அறையில் இருந்த வாக்கிடாக்கியிலும் அது கேட்டது, உச்சியின் காது சிவந்துபோயிற்று. "அந்தக் கூண்டுல குருவிகூட வராது, வேற யாரோடதா இருக்கும்?" என்றார் வெல்டர். இன்ஜினியரும் தன் பங்குக்கு, "தீர்வு கிடைச்சுதா, உச்சி?" என்று கேட்டார்.

மாலையில் விசில் அந்த டப்பாவை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். கேலி செய்யத்தான் வந்தார். உச்சியின் மனைவி சிரிக்கவில்லை.

"எவ்வளவு நாளா?"

"ஆபரேஷன் ஆனதிலேர்ந்து."

"தினம் ஒண்ணா?"

"மூணு" என்றார் உச்சி தரையைப் பார்த்துக்கொண்டு.

"டாக்டரம்மா எல்லாத்தையும்னு சொன்னாங்களா இல்லையா? முடிக்கு வேற வாய், காலுக்கு வேற வாயா வெச்சிருக்கீங்க?"

"தங்கச்சி, நீ கேளு. நான் அப்படியே கிளம்பறேன்" என்று விசில் நழுவப் பார்த்தார். "நீங்களும் உக்காருங்க அண்ணா" என்று அவருக்கும் சேர்த்து விழுந்தது.

மறுநாள் டாக்டரம்மா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூன்று என்று கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஜிங்க் அளவுக்கு மீறிப் போனா, குடல் செம்புச்சத்தை உள்ள விடாது. உங்களுக்கு ஏற்கெனவே குடல்ல வழியை மாத்தி வெச்சிருக்காங்க, செம்பு உள்ள போற பாதையே பாதிதான். அதுலயும் இது போய்க் குறுக்க உக்காந்திருக்கு. செம்பு இல்லாம நரம்பு நிக்காது. எல்லாரும் பி-12 பாத்திருக்காங்க, செம்பை யாருமே பாக்கல."

ரத்தத்தைப் பார்த்தார்கள். செம்பு இருக்க வேண்டிய அளவில் கால்வாசிகூட இல்லை.

விசிலிடம் சொன்னபோது அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "கிரேன்ல இருக்கிற வயரெல்லாம் செம்பு. ஓட்டறவன் உடம்புல மட்டும் இல்லையாம்!"

டாக்டரம்மாவிடம், "கால் திரும்பிடுமா?" என்று மனைவிதான் கேட்டார். டாக்டரம்மா பூசி மெழுகவில்லை. "ரத்தம் சீக்கிரம் சரியாயிடும். நரம்பு மெதுவாத்தான் வரும். எவ்வளவு வரும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

ஜிங்கை இனித் தொடக்கூடாது என்றாயிற்று. செம்பு முதலில் ரத்தக்குழாய் வழியாக ஊசியில் ஏறியது, பிறகு மாத்திரையாக. அது டாக்டரின் வைத்தியம். வீட்டம்மாவின் வைத்தியம் கடை சாத்தியபின் நடந்தது. முதலாளியிடம் சாவி வாங்கிக்கொண்டு, கணவரை நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணைத் துண்டால் கட்டிவிடுவார். காலுக்கடியில் ஒவ்வொரு செருப்பாக வைப்பார்.

"இது என்ன?"

"தெரியல."

"இது?"

"நீ வெச்சியா இல்லையான்னே தெரியலம்மா."

பல வாரம் இதே கதைதான். நடுவில் ஒருநாள் உச்சி துண்டை அவிழ்த்து எறிந்துவிட்டு, நான் என்ன பொம்மையா என்று கத்தினார். அந்த அம்மாள் துண்டை எடுத்து உதறி மறுபடியும் கட்டினார். கெண்டைக்கால் முறுக்கிக்கொள்வது முதலில் குறைந்தது, பிறகு நின்றது. எறும்புகள் திரும்பி வந்தன. எறும்பு வந்ததற்குச் சந்தோஷப்பட்ட வீடு அது ஒன்றாகத்தான் இருக்கும். பிறகு ஒரு மாலை, கண் கட்டியிருக்க, உச்சி தலையைச் சாய்த்து யோசித்தார்.

"ரப்பர். முள்ளு முள்ளா இருக்கு."

துண்டை இறக்கிப் பார்த்தால், மனைவி அந்த முள்வைத்த ரப்பர்ச் செருப்பை மடியில் அணைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார்.

அடுத்த நாள் உச்சி மச்சான் கடைக்குப் போனார். "இருக்கிற மிச்சத்தையும் எடுத்துடுங்க மச்சான்." மச்சான் கத்திரியைக் கீழே வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

கண்ணை மூடி நிற்கச் சொன்னார்கள், நின்றார். ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார்கள், நின்றார். கோடு போட்டு நடக்கச் சொன்னார்கள், திரும்பி வருவதையும் சேர்த்து நடந்தார். இரண்டு கால்விரல் நுனிகள் மட்டும் இன்னும் மரத்தே இருந்தன. அது பரவாயில்லை, ஏறலாம் என்று டாக்டரம்மாவும் கம்பெனி டாக்டரும் எழுதிக் கொடுத்தார்கள்.

அன்றைக்கு மனைவி கடைக்கு லீவு போட்டுவிட்டு வந்தார். விசில் அவருக்கு ஒரு ஹெல்மெட்டை மாட்டிப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். கிரேன்காரப் பெண் கீழே இறங்கி வந்து, "கூண்டைத் துடைச்சு வெச்சிருக்கேன் அண்ணா" என்றாள். உச்சி இடுப்புப் பட்டையை இழுத்துப் பார்த்தார், ஏணியில் காலை வைத்தார். முதல் தட்டு போயிற்று. இரண்டாவது போயிற்று. மூன்றாவது தட்டில், பழைய ஓட்டைக்குக் கீழே, நின்றுவிட்டார்.

கீழே மனைவி விசிலின் சட்டையைப் பிடித்துக்கொண்டார். மொத்த இடமும் மறுபடி அண்ணாந்து பார்த்தது.

"என்னடா, திரும்பவும் மாட்டிக்கிட்டியா?" என்றார் விசில் வாக்கிடாக்கியில்.

"இல்லடா. ஷூவுக்குள்ள படி உறுத்துது. நல்லா உறுத்துது. கொஞ்ச நேரம் உறுத்தட்டும்னு நிக்கிறேன்."

அதற்குப் பிறகு அவர் எங்கும் நிற்கவில்லை. கூண்டின் கதவு திறந்து மூடும் சத்தம் கீழேவரை கேட்டது. ஹெல்மெட்டைக் கழற்றிக் கண்ணாடியோரம் வைத்தார், மழித்த தலையில் வெயில் பளிச்சென்று அடித்தது.

"உச்சி, கண்ணு கூசுதுடா" என்றார் விசில்.

பொதுவழியில் எல்லோர் காதிலும் விழும் என்று தெரிந்தேதான் உச்சி வாக்கிடாக்கியை அழுத்தினார். "எல்லாரும் கேட்டுக்கோங்க. முடி போச்சு, கால் வந்துருச்சு. இப்ப எதைத் தூக்கணும், சொல்லு."