நான் போட்ட டிக்

மேல்சித்தாமூர் ஜைனர்களான நாங்கள் பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டோம். ரத்தப் புற்றுநோய் வந்த என் மகள், அதற்கான புது மருந்தின் ஆராய்ச்சியில் நோயாளியாகச் சேர்ந்திருந்தாள். ‘இரவு ஒன்பது மணி, உணவுக்குப் பின்’ என்றிருந்த மாத்திரையை ஒன்பதுக்கே கொடுத்தேன். ஐந்தரைக்குச் சாப்பிட்டதை நினைத்து, ஆஸ்பத்திரியில் கொடுத்த குறிப்பேட்டில் ‘உணவுக்குப் பின்’ என்று டிக் போட்டேன்.

பத்தாம் நாள், பரிசோதனைக்குப் போகும் வழியில், திண்டிவனம் பேருந்து நிலையத்தில், “அப்பா, கண்ணு இருட்டிக்கினு வருது” என்றவள் அப்படியே சாய்ந்தாள்.

ஆஸ்பத்திரியில், மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்தப் பார்த்தார்கள். எங்களுக்கு வேறு மருந்து மிச்சமில்லை.

நர்ஸ் குறிப்பேட்டைப் புரட்டினார். “நைட்டு என்னா சாப்புட்டா சார்?”

“நைட்டு நாங்க சாப்புட மாட்டோம்மா.”

“அப்ப இந்த டிக்கு எதுக்கு சார்? வெறும் வயித்துல இது ரத்தத்துல அதிகமா ஏறிடுமே!”

டாக்டர் மருந்தை நிறுத்தாமல், மாத்திரையை மாலை ஆறு மணிக்கு மாற்றினார். இப்போது சாப்பிட்ட நேரத்தையும் எழுதுகிறேன். அவள் சற்றுப் பேசாமல் இருந்தாலே, “கண்ணு இருட்டுதாம்மா?” என்று கேட்டுவிடுகிறேன்.