முதல் ஃபாரம்

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஜெபதுரையை ‘ஃபாரம் சார்’ என்றால்தான் தெரியும். பதினைந்து வருடமாக வீடுவீடாகப் போய்க் கேள்வி கேட்பதே பிழைப்பு. சோப்புக் கம்பெனிக்கும் கேட்டார், தொழுநோய்த் தடுப்புக்கும் கேட்டார். எந்தக் கணக்கெடுப்பானாலும் முதல் ஃபாரம் மடவார் வளாகத்திலுள்ள தன் வீட்டுக்குத்தான். யாரையும் கேட்காமல் அவரே நிரப்பிவிடுவார். என் வீட்டைப் பற்றி எனக்குத் தெரியாதா என்ற மிதப்பு.

தொண்ணூற்று மூன்றில் மதுரைத் தொண்டு நிறுவனம் ஒன்று அவரை அழைத்தது. லாட்டரியின் கடைசி எண் இதுதான் என்று கள்ளத்தனமாகப் பந்தயம் எழுதும் ‘ஒரு நம்பர்’ ஆட்டத்தில் எத்தனை வீடு மாட்டியிருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். நிறைய இருந்தால் இந்தப் பக்கம் உதவி மையம் திறப்பார்கள். இல்லையென்றால் வேறு ஊருக்குப் போய்விடுவார்கள்.

மையம் வந்தே ஆகவேண்டும் என்று ஜெபதுரை துடித்தார். தங்கை ஏசம்மாளின் புருஷன் பால்துரை இந்தச் சனியனில்தான் மில் வேலையைத் தொலைத்தான். மூன்று வருடத்துக்கு முன் சேத்தூர் பஸ்ஸில் ஏறிப் போனவன், இன்றுவரை தகவல் இல்லை. ஏசம்மாள் அண்ணன் வீட்டோடு வந்துவிட்டாள்.

நூறு வீட்டில் ஆறு வீடுதான் ஆமாம் என்றது. மற்றவர்கள் பிள்ளைமேல் சத்தியம் செய்தார்கள். பொய் சொல்ல இந்த ஊருக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்! மில் தொழிலாளி சோலைராஜும், “நமக்கு அந்தப் பழக்கமே கிடையாது சார்” என்று கும்பிட்டான். ஜெபதுரை பேனாவை மூடிய நேரத்தில், சைக்கிளில் போன ஒருவன், “என்ன விழுந்துச்சுண்ணே?” என்று கத்தினான்.

“மூணுலே!” என்றான் சோலைராஜ், யோசிக்காமல்.

ஜெபதுரைக்கு வழி பிடிபட்டது. அதே வீடுகளுக்கு மறுபடி போனார். ஃபாரத்தை வெளியே எடுக்காமல், தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டே, “நேத்து என்ன விழுந்துச்சு?” என்பார். ரிசல்ட் தெரிந்தவரெல்லாம் ஆடுகிறவர் இல்லையே. அதனால், “நீங்க எதுல எழுதினிய?” என்றும் கேட்பார். இரண்டுக்கும் பட்டென்று பதில் சொன்னவர்களை மட்டும் தெருமுனையில் நின்று குறித்துக்கொள்வார். ஐம்பத்தெட்டு வீடு. இத்தனை வீடா என்றிருந்தது. ஆனாலும் மையம் நிச்சயம்.

அன்று சாயங்காலம் ஃபாரங்களைக் கட்டிக்கொண்டிருந்தார். எதிரே ஏசம்மாள் கூலிக்கு பேண்டேஜ் துணி சுருட்டிக்கொண்டிருந்தாள். தன் கெட்டிக்காரத்தனத்தை யாரிடமாவது காட்டாவிட்டால் மனுஷனுக்குத் தூக்கம் வராது. விளையாட்டாகக் கேட்டார்.

“ஏட்டி ஏசம்மா, இன்னைக்கு என்ன விழுந்துச்சு?”

“ரெண்டுண்ணே.” அவள் கை நிற்கவில்லை.

ஜெபதுரைக்குச் சிரிப்பு செத்துவிட்டது. வேண்டாம் வேண்டாம் என்று மனசு சொல்லியும், பழகிய வாய் அடுத்ததைக் கேட்டது.

“நீ எதுல எழுதின?”

“ஏழு.” சொன்ன பிறகுதான் அவள் கை நின்றது. தலை குனிந்தபடியே சொன்னாள்: “அவிய தெனமும் எழுதுனது அதானண்ணே. ஏழு விழுந்துட்டுன்னு கேள்விப்பட்டா, எங்க இருந்தாலும் வந்துருவாவ.”

“எம்புட்டு நாளாட்டி?”

“அவிய போன மறுநாள்ல இருந்து.”

ஊர்ப் பொய்யையெல்லாம் பிடித்தவருக்கு, தங்கையின் மூன்று வருடம் தெரியாமல் போயிற்று. கட்டை அவிழ்த்து முதல் ஃபாரத்தை உருவினார். ‘இல்லை’ என்பதை அடித்து ‘ஆம்’ என்று எழுதினார். ஐம்பத்தொன்பது.

ஏசம்மாள் அடுத்த துணியை எடுத்தாள். நாளைக்கும் அவள் ஏழுதான் எழுதுவாள் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.