நாயோடு பேச்சுவார்த்தை இல்லை

“மிருகத்தையும் மனுஷன்னு சொல்றவன் எந்தக் கோர்ட்டுக்கு வேணும்னாலும் வரட்டும். நாயும் ஒண்ணுதான், நாம உட்கார்ற பெஞ்சும் ஒண்ணுதான். ரெண்டுமே பொருள்.” இருபத்திரண்டு வருடமாக ஒரே வக்கீலிடம் இருக்கும் குமாஸ்தா டீக்கடையில் இப்படிச் சொன்னபோது எதிர்த்துப் பேச ஆளில்லை. வக்கீலே இவரிடம்தான் சட்டம் கேட்பார் என்பது குமாஸ்தாவே கொடுத்த தகவல்.

அப்பேர்ப்பட்டவர் சென்ற திங்கட்கிழமை முதல் தம் வீட்டு நாயோடு பேசுவதில்லை. ஏழு வருடமாக இவர் முகம் கொடுத்துப் பேசாத பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்து அது வாலாட்டிவிட்டது. துரோகி என்று திட்டித் தீர்த்தார். அதற்குப் பிறகு எல்லாம் மனைவி வழியாகத்தான்.

“வழியில படுத்திருக்கு. எந்திரிக்கச் சொல்லு.”

“நீங்களே சொல்லுங்களேன்.”

“அதுகிட்ட எனக்குப் பேச்சு கிடையாது.”

“பெஞ்சுகூட யாருங்க கோவிச்சுக்குவாங்க?” என்று சிரித்த மனைவி, நாயின் சோற்றுத் தட்டைக் காட்டி, “மூணு நாளா அது சாப்பிடவே இல்லை. நீங்க கூப்பிட்டாத்தான் தட்டுல வாய வைக்கும்போல” என்றாள்.

குமாஸ்தா காதில் விழாதவர்போல் வழக்குக் கட்டைப் புரட்டினார். மனைவி துணி எடுக்க மாடிக்குப் போனதும் எழுந்து வந்து, தட்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

“அன்னைக்கு நானும் கொஞ்சம் அதிகமாத்தான் பேசிட்டேன்” என்றார் தாழ்ந்த குரலில். “அதுக்காகச் சாப்பாட்டு மேல கோவத்தைக் காட்டலாமா?”

நாய் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது. குமாஸ்தா தட்டையும் அந்தப் பக்கம் நகர்த்தி வைத்து, மறுபடியும் மன்னிப்புக் கேட்டார்.