மைக் அண்ணை பேசாத பேச்சு

மைக் அண்ணை செத்துப்போனார். காலையில் வட்ஸ்அப்பில் வந்தது.

அதற்குள் ஆளாளுக்குக் கவிதை. "சொல்லின் சிகரம் சாய்ந்தது", "மேடைகளின் மன்னன் மறைந்தான்"... சும்மா போங்கோ. எந்தச் சிகரம்?

நான் அவரோடு இங்கே மொன்றியலில், சென்ட் லோரன்ட்டில் ஒரே பக்டரியில், ஒரே லைனில் நின்று கண் மருந்துப் போத்தலுக்கு மூடி போட்டவள். எனக்குத் தெரியாத சிகரமா?

மைக்கைக் கண்டால் விடமாட்டார், அதனால் அந்தப் பெயர். அமெரிக்காவில் கறுப்பின மக்களின் உரிமைக்காக ஒரு தலைவர் பேசினாரே, உலகமே அறிந்த அந்தக் கனவுப் பேச்சு... அதை முழுதாகப் பாடமாக்கி வைத்திருந்தார். ஆங்கிலத்திலும் தமிழிலும்.

நல்ல விஷயம்தான். ஆனால் அதை எங்கே எடுத்துவிடுவது என்று மனுசனுக்கு ஒரு விவஸ்தை கிடையாது.

பெட்டை பெரியபிள்ளையான சாமத்திய வீட்டில் கனவு. மரக்கறிக் கடைத் திறப்புவிழாவில், "நான் காணும் கனவிலே, மொன்றியல் மண்ணில் பனிக்காலத்திலும் முருங்கைக்காய் மலியும்!" கடைக்காரர் பொன்னாடை போர்த்தினார். "அண்ணைக்கு நித்திரை கூடிப்போச்சு" என்றார் என் கணவர்.

ஆனால் ஒன்று. சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பேச்சை ஃபோனில் போட்டு எனக்கு விளங்கப்படுத்துவார். அப்போது மட்டும் கதையில் பூச்சு இருக்காது.

"கேள் தங்கச்சி, இந்த மனுசன் அடிக்கடி புதுசா ஒண்டும் சொல்லேல்லை. சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்லுறார். முதல் தரம் காதிலை விழும். பேந்து சிரிப்பாங்கள். அதுக்கும் பிறகு நிப்பாட்டாமல் சொன்னாத்தான் பயப்பிடுவாங்கள்."

ஒரு வருடம் புதுச் சுப்பவைசர் வந்தார். ரொய்லெட் போவதென்றால் கையைத் தூக்க வேண்டும். அவர் பார்த்துத் தலையாட்டினால்தான் போகலாம்.

எனக்கு அப்போது ஒப்பரேஷன் முடிந்து மூன்று மாதம். அடக்க முடியாது. ஒரு நாள் கையைத் தூக்கியபடியே நின்றேன், அவர் யாரோடோ கதைத்துக்கொண்டிருந்தார், லைன் ஓடிக்கொண்டிருந்தது...

நின்ற இடத்திலேயே போய்விட்டது.

பக்கத்தில் நின்ற மைக் அண்ணை நிலத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "அழாதை. மனேஜர் வரட்டும். நான் கதைக்கிறன்."

நம்பினேன். நான் மட்டுமா? லைனில் நின்ற ஹெயிட்டிப் பெண்கள்கூட நம்பினார்கள். இரண்டு கிழமை ஒத்திகை வேறு பார்த்தார், ரொய்லெட் கண்ணாடிக்கு முன்னால்.

மனேஜர் வந்து கூட்டம் போட்டார். யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டார். மைக் அண்ணை எழும்பித் தொண்டையைச் செருமினார்.

"போன்ஜூர், மெஸ்ஸியூ," என்று வணக்கம் சொன்னார். "மெர்சி," என்று நன்றி சொன்னார். அப்படியே கதிரையில் இருந்துவிட்டார்.

அவ்வளவுதான் உங்கள் சிகரம்.

வந்த கோபத்தில் நான் எழும்பினேன். எழும்பிய பிறகுதான் ஞாபகம் வந்தது, மனேஜருக்கு விளங்கும் பிரெஞ்சு எனக்குத் தெரியாது! மகளைக் கார்தெரியில் விட்டுக் கூட்டிவரும்போது அங்கே பராமரிக்கிற பெண்கள் சின்னப்பிள்ளைகளோடு கதைப்பதைக் கேட்டுப் பொறுக்கிய நாலு சொல்தான். அங்கே மூத்திரத்துக்கு "பிபி" என்பார்கள்.

கையைத் தூக்கிக் காட்டினேன். "மெஸ்ஸியூ... பிபி... நோ!"

மனேஜர் சிரித்தார். திரும்பவும் சொன்னேன். எங்கள் ஆட்களே சிரித்தார்கள். காது கொதித்தது, ஆனாலும் இன்னொரு தரம் சொன்னேன். அதோடு சிரிப்பு நின்றது. பிறகு ஹெயிட்டிப் பெண்கள் எழும்பி என்னோடு சேர்ந்து சொன்னார்கள், கையைத் தூக்கி, "பிபி... நோ!"

அடுத்த திங்கட்கிழமை அந்தச் சட்டம் இல்லை.

அதன் பிறகு மைக் அண்ணை அதை மேடை மேடையாகத் தூக்கிக்கொண்டு திரிந்தார். "அன்று நான் எழுந்தேன்!" கைதட்டல். பொன்னாடை. ஒருநாள் முன்வரிசையில் நானே இருந்தேன். என்னைக் கண்டும் மனுசன் ஒரு சொல் தடுமாறவில்லை. வெட்கம் கெட்ட பிறவி.

முடிந்ததும் கையில் ஒரு வடையோடு வந்தார். "கதைக்கு ஒரு ஆள் வேணும்தானே தங்கச்சி. மேடையிலை நிண்டு பிபி எண்டு சொல்லேலுமே?"

வடையை வாங்கவில்லை. ஏழு வருடம் முகம் கொடுத்துக் கதைக்கவுமில்லை.

போன மாதம் பாரிசவாதம் வந்து பேச்சுப் போய்விட்டது என்றார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனேன். இரக்கப்பட்டுப் போகவில்லை. பேச்சில்லாத மைக் அண்ணையை ஒருக்கால் பார்க்க ஆசை. என் புத்தி அப்படி.

கட்டிலில் கிடந்தபடி ஒரு கையைத் தூக்கி வைத்திருந்தார். என்னைக் கண்டும் இறக்கவில்லை, வாசலையே பார்த்தார். அந்தக் கை எனக்குத் தெரியாதா?

தூக்கிக்கொண்டே இரும் என்று நினைத்து ஒரு நிமிடம் நின்றேன். பொய் சொல்ல விரும்பவில்லை, நின்றேன்.

பிறகு நர்ஸின் மேசைக்குப் போனேன். இப்போது எனக்கு பிரெஞ்சு ஓரளவு வரும். ஆனால் வாயில் வந்தது அதே சொல்தான். "பிபி." அவள் கம்பியூட்டரிலிருந்து நிமிரவில்லை. "பிபி." பிறகும் "பிபி." எழும்பி வந்தாள்.

எல்லாம் முடிந்த பிறகு மைக் அண்ணை வாயைக் கோணி ஏதோ சொல்லப் பார்த்தார். "மெர்..." அதற்கு மேல் வரவில்லை.

நாளைக்கு உடலைப் பார்வைக்கு வைக்கிறார்களாம். பதினொரு பேர் பேசுகிறார்களாம். நானும் போகிறேன். பேசமாட்டேன்.

போங்கோ அண்ணை. இனிக் கை தூக்கத் தேவையில்லை.